ரொட்டிக்கடைக்காரர் மகனின் ஊரில் ஐந்து நாள்

முதல் நாள், கார்டிஃப்

ரொட்டிக்கடைக்காரர் மகனான நடிகர் ஆன்டனி ஹாப்கின்ஸ் பிறந்து வளர்ந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறி, மதியத்துக்குள் கார்டிஃப் வந்து சேர்ந்தாயிற்று. ஸ்டேஷனில் எல்லாப் பலகையிலும் வேல்ஸ் மொழி முதலில், ஆங்கிலம் அடுத்து. அதைப் பார்த்ததுமே ஊர் பிடித்துவிட்டது.

ஏன் இவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி கடைசி இரண்டு வருஷம் மறதி நோயோடு இருந்தார். இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தினமும் தேடுவார், கையில் எடுத்துக் கொடுத்தாலும் இது என்னுடையது இல்லை என்பார். அவர் போன பிறகுதான் ‘தி ஃபாதர்’ பார்த்தேன். அதில் ஹாப்கின்ஸ் நடித்த கிழவர் கைக்கடிகாரத்தைத் தேடிக்கொண்டே இருப்பார், அந்தச் சந்தேகப் பார்வை, கிடைத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சை மாற்றுவது, எல்லாம் பாட்டியேதான். படம் முடிந்து வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் படத்துக்குத்தான் 2021இல் அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. அப்போது வயது 83, நடிப்புக்காக அந்த விருது வாங்கியவர்களிலேயே மூத்தவர். விழாவுக்கு அவர் போகவில்லை. பெயரை அறிவித்தபோது வேல்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார், காலையில் எழுந்து, பச்சை வெளி ஒன்றில் நின்றபடி ஒரு சின்ன வீடியோவில் நன்றி சொன்னார். அன்றே முடிவு செய்தேன், இந்த ஊருக்கு வரவேண்டும் என்று.

மழை தூறிக்கொண்டிருந்தது. நேராகக் கோட்டைக்கு நடந்தேன். ரோமானியர்கள் காலத்துக் கோட்டை, நடுவே மேட்டின் மேல் நார்மன் காலத்துக் கோபுரம், ஒரு பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்காரப் பிரபு ஒருவர் இழைத்து இழைத்துக் கட்டிய மாளிகை. வெளிச்சுவர் மேல் கல் விலங்குகள் ஏறி எட்டிப் பார்க்கின்றன, அதில் ஒரு குரங்குக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றிருப்பேன். இந்தக் கோட்டைக்குள்தான் அந்தக் காலத்தில் இசை நாடகக் கல்லூரி நடந்தது. உதவித்தொகை கிடைத்து 1955இல் இங்கே சேர்ந்தபோது ஹாப்கின்ஸுக்கு 17 வயது. அதுவரை பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஏறாத பையன். படம் வரைவான், பியானோ வாசிப்பான், மற்றபடி யாரோடும் ஒட்டமாட்டான். ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நாடகக் குழுவில் கொஞ்சம் நடித்திருந்தது மட்டும்தான் கையிருப்பு. இரண்டு வருஷம் இங்கே, அப்புறம் கட்டாய ராணுவ சேவை, அது முடிந்து லண்டன் ராடா நாடகப் பள்ளி.

ராத்திரி மாமா போன் செய்தார். ஸ்வான்ஸியில் இருக்கிறார், நாற்பது வருஷம் இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏம்மா, வேல்ஸுக்கு வர்றவங்க எல்லாம் ஸ்னோடன் மலையைப் பாக்கப் போவாங்க, நீ ரொட்டிக்கடைக்காரர் ஊரைப் பாக்கணும்ங்கிறியே?”

“அந்த மலையிலயும் அவர் பணம் இருக்கு மாமா” என்றேன். உண்மைதான். 1998இல் ஸ்னோடன் சரிவு நிலம் விற்பனைக்கு வந்தபோது, அதை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு வாங்குவதற்கு ஹாப்கின்ஸ் 10 லட்சம் பவுண்ட் கொடுத்தார்.

“அப்படியா? நாற்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதே” என்றார் மாமா. காலையில் காரோடு வருகிறார்.

இரண்டாம் நாள், கௌபிரிட்ஜ், போர்ட் டால்பட்

கௌபிரிட்ஜ் சின்ன ஊர், ஒரே நீளத் தெரு. பழைய மதில் வாசலை ஒட்டி ஹாப்கின்ஸ் படித்த பள்ளிக்கூடம், 1608இல் தொடங்கியது, இப்போது குடியிருப்பாகிவிட்டது. இங்கே விடுதி மாணவனாக இருந்தபோது வந்த மோசமான மதிப்பெண் அட்டையைப் படித்துவிட்டு அப்பா நொந்துபோனதையும், ஒரு நாள் உங்களுக்குக் காட்டுகிறேன் பாருங்கள் என்று தான் சொன்னதையும் ஹாப்கின்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில்தான் லாரன்ஸ் ஒலிவியர் நடித்த ‘ஹாம்லெட்’ படத்தைப் பள்ளியில் திரையிட்டார்கள். ஷேக்ஸ்பியர் புரிந்ததோ இல்லையோ, அந்தப் பையனுக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. மாமா காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் சுவர் ஓரமாக ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். இங்கே அதிகம் பார்க்க ஒன்றும் இல்லை.

போர்ட் டால்பட் வேறு விஷயம். எம்4 நெடுஞ்சாலை இந்த ஊருக்குள் இறங்குவதில்லை, கான்கிரீட் தூண்கள் மேல் கூரைகளுக்கு மேலாக ஓடுகிறது. காரிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கீழே வரிசை வரிசையாக ஒட்டுவீடுகள், அதற்கு அப்பால் எஃகு ஆலை, அதற்கும் அப்பால் கடல். ஆலை அவ்வளவு பெரியது, கண் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஒரு காலத்தில் 18,000 பேர் வேலை செய்த இடம் என்றார் மாமா. பிறகு டாடா கைக்கு வந்தது, 2024இல் இரண்டு ஊது உலைகளும் நின்றன. செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி உலையும் அணைந்தபோது, ஊரில் வயதானவர்கள் வீட்டுக்குள் துக்கம் விழுந்த மாதிரி இருந்தார்களாம். இப்போது மின் உலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு இத்தனை ஆட்கள் தேவைப்படாது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “ராத்திரி இந்தப் பக்கமா வந்தா வானமே சிவப்பா இருக்கும்மா, மேகத்துக்கு அடியில தீ வெச்ச மாதிரி” என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஹாப்கின்ஸ் பிறந்தது ஆலையை ஒட்டிய மார்கமில், 1937 டிசம்பர் 31. அப்பா ரிச்சர்ட், ரொட்டி சுடுபவர். தாத்தாவும் அதே தொழில். ஊரெல்லாம் எஃகு, இந்த வீட்டில் மட்டும் மாவு. விடியும் முன்னால் அடுப்பு ஏற்றி, பிசைந்து, சுட்டு, கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடி அடுத்த நாள். அப்பாவுக்கு வீண்பேச்சு பிடிக்காது, அலட்டல் அறவே பிடிக்காது. தன்னிடம் பெருமை ஏறும்போதெல்லாம் அப்பா கையில் இருந்த மாவு நினைவுக்கு வரும் என்கிற மாதிரிதான் மகன் எப்போதும் பேசுவார்.

போர்ட் டால்பட்டிலேயே தைபாக் பக்கம் ஒரு சின்னக் கடையில் வெல்ஷ் கேக் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கேக் என்று பெயர்தானே தவிர நம்ம தோசைக்கல் மாதிரி கனத்த இரும்புக் கல்லில் போட்டுச் சுடுவது, உலர்திராட்சை போட்ட வட்டமான குட்டி அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா மாவை ஒரு தடவை அழுத்தி, திருப்பி, கட்டை விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, அது வெந்ததா இல்லையா என்று விரலாலேயே தெரிந்துகொண்டு எடுத்தார். எத்தனை ஆயிரம் சுட்டிருந்தால் அந்த விரல் அப்படித் தெரிந்துகொள்ளும். ஹாப்கின்ஸ் ஒரு திரைக்கதையை 200 தடவைக்கு மேல் வாய்விட்டுப் படிப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு குறி போட்டுக்கொள்வார். படப்பிடிப்புக்குப் போகும்போது வசனம் அவருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை, உடம்பில் இருக்கிறது. சர்க்கரை தூவிய அந்தச் சூட்டை வாயில் போட்டுக்கொண்டு நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேதை, பிறவி நடிகர் என்று எழுதுகிறவர்கள் இந்த இருநூறைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

மூன்றாம் நாள், பாண்ட்ரிடிவென், அபெராவன்

காலையில் மலைப்பக்கம் ஏறினோம். பாண்ட்ரிடிவென் போர்ட் டால்பட்டிலிருந்து கார் ஏறினால் பத்து நிமிஷம்தான், ஆனால் வேறு உலகம். ஆறு, காடு, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே உயரமான கல் வளைவுப் பாலம். சாலை ஓரம் முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள், மார்ச் மாசம் வேல்ஸே அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. இங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவதாக, 1925இல் பிறந்தவர் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். இரண்டு வயதில் அம்மா இறந்துபோக, தைபாக்கில் இருந்த அக்கா வளர்த்தார்.

பர்ட்டன் பெரிய நட்சத்திரமான பிறகு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஹாப்கின்ஸ் கையெழுத்து வாங்கப் போனார். வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது பர்ட்டனின் கார் அவரைத் தாண்டிப் போனது. இந்த ஊரைவிட்டு வெளியே போகவேண்டும், அவர் மாதிரி ஆகவேண்டும் என்று அன்று தோன்றியதாகச் சொல்வார். நேற்று பார்த்த அந்தத் தெருக்கள் எவ்வளவு குறுகல் என்று இப்போது தெரியும், அதில் ஒரு பளபளப்பான கார் போனால் ஒரு பையனுக்கு என்ன ஆகும் என்பதும் புரிகிறது.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு, எனக்கு அது கதை போலவே இருக்கும். 1974இல் நியூயார்க் பிராட்வேயில் ‘ஈக்வஸ்’ நாடகத்தில் மனநல மருத்துவராக ஹாப்கின்ஸ் நடித்தார். 1976இல் அதே நாடகத்தில் அதே பாத்திரத்துக்கு வந்து நின்றவர் ரிச்சர்ட் பர்ட்டன். தைபாக்கில் கையெழுத்து கேட்டவரும் போட்டவரும் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே வேஷத்தைப் போட்டிருக்கிறார்கள்.

இருவரையும் பிடித்திருந்த பிசாசும் ஒன்றுதான். குடி. பர்ட்டன் ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூடக் கிடைக்காமல், 1984இல் 58 வயதில் போய்விட்டார். ஹாப்கின்ஸும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார். நடிகர்களோடு சண்டை, இயக்குநர்களோடு சண்டை, 1973இல் நேஷனல் தியேட்டரில் ‘மேக்பெத்’ நடந்துகொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு வெளியேறினார். பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு நாள், நினைவே இல்லாத நிலையில் கார் ஓட்டியிருக்கிறோம், யாரையாவது கொன்றிருப்போமே என்று தெரிந்ததும் உதவி கேட்டார். 1975 டிசம்பர் 29. அதற்கப்புறம் தொடவில்லை. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி வாக்கில் குடியை விடப் போராடுகிறவர்களுக்காக ஒரு வீடியோ போடுவார். மாமா கேட்டுக்கொண்டே வந்தார். சுரங்கம் மூடிய பிறகு இந்தப் பள்ளத்தாக்குகளில் தான் பார்த்த கல்லீரல்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அதை இங்கே எழுதவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அபெராவன் கடற்கரை. மைல் கணக்கில் நீளம், ஈரமான கெட்டி மணல், காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு கோடியில் ஆலையின் புகைபோக்கிகள். குட்டிப் பையனாக அப்பாவோடு இந்தக் கரையில் எடுத்த புகைப்படம் ஒன்றை ஹாப்கின்ஸ் இன்றுவரை கூடவே வைத்திருக்கிறார். அந்தப் பையனைப் பார்த்துப் பேசுகிற ஒரு வரிதான் 2025இல் வந்த அவருடைய தன்வரலாற்றுக்குத் தலைப்பு, நாம பரவாயில்லை, சமாளிச்சுட்டோம்டா என்கிற அர்த்தத்தில். அலை பின்வாங்கும்போது மணலில் நாய்களின் காலடி, சின்னப் பிள்ளைகளின் காலடி. ஒரு அப்பா மகளுக்கு ஷூவில் போன மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். குளிர் தாங்காமல் மாமா கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.

நான்காம் நாள், டிரம் பார்க்

மாமாவே கொண்டுவந்து விட்டார். அதே எம்4தான், போர்ட் டால்பட் கூரைகளுக்கு மேல் ஓடின அதே சாலை, செவர்ன் முகத்துவாரத்துப் பாலத்தைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்ததும் கொஞ்ச தூரத்தில் இந்த மாளிகைக்குத் திரும்பவேண்டும். வாசல் மேட்டில் இருக்கிறது, வீடு பள்ளத்தில். நடக்க நடக்க முதலில் வெறும் புல்வெளி, அப்புறம் ஒரு திருப்பத்தில் தேன் நிறக் கல்லில் நீளமாக ஒரு மாளிகை கீழே கிடக்கிறது. ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ படத்தின் வெளிப்புறக் காட்சிகள் இங்கேதான். 1993. கசுவோ இஷிகுரோவின் நாவல், எடுத்தவர்கள் பம்பாய்க்காரர் இஸ்மாயில் மெர்ச்சண்டும் ஜேம்ஸ் ஐவரியும், திரைக்கதை டெல்லியில் பல வருஷம் வாழ்ந்த ரூத் பிராவர் ஜாப்வாலா. ஓர் ஆங்கிலப் பணியாளரின் மனசை இத்தனை ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஹாப்கின்ஸ் தலைமைப் பணியாளர் ஸ்டீவன்ஸ். அரண்மனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பட்லர் அவருக்குச் சொன்ன பாடம் இதுதான்: நல்ல பட்லர் அறைக்குள் வந்தால், அறை முன்பைவிடக் காலியாகத் தெரியவேண்டும். படம் முழுக்க அவர் அதைத்தான் செய்கிறார். எனக்கு மறக்காத காட்சி, எம்மா தாம்ப்சன் அவர் கையில் இருக்கும் புத்தகத்தை என்ன என்று கேட்டு நெருங்கி வந்து, விரல் விரலாகப் பிரித்து எடுப்பார். அவர் நகரமாட்டார். தள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பார்வை மட்டும் அவள் தலைமுடி மேல் இறங்கி நிற்கும். கை உயர்ந்து தொட்டுவிடுமோ என்று நமக்கு மூச்சு நிற்கும். தொடாது. வெறும் காதல் கதைப் புத்தகம் அது, அவ்வளவுதான், ஒரு ஆள் வாழாத வாழ்க்கை முழுவதும் அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே ஆள்தான் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் மனிதரைத் தின்னும் டாக்டர் லெக்டர். திரையில் இருப்பது மொத்தம் பதினாறு நிமிஷம் போல, முக்கிய நடிகருக்கான ஆஸ்கரே கிடைத்தது. முதல் தடவை நாம் லெக்டரைப் பார்க்கும்போது அவர் சிறை அறை நடுவில், கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, தன்னை விசாரிக்க வரும் பெண்ணுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கவேண்டும் என்பது அவருடைய யோசனைதான். வாசனை பிடித்து ஏற்கெனவே வருகையைத் தெரிந்துகொண்டவர். யோசித்துப் பாருங்கள், பயமுறுத்தவும் அசையாமல் நிற்கிறார், நெஞ்சைப் பிசையவும் அசையாமல் நிற்கிறார். ‘தி லயன் இன் விண்டர்’ தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் படம், 1968. அதில் அம்மாவாக நடித்த கேத்தரின் ஹெப்பர்ன் அவரிடம், நடிக்காதே, வசனத்தைச் சொன்னால் போதும் என்றாராம். அந்த ஒரு புத்திமதியை அவர் இருபத்தைந்து வருஷம் சுமந்துகொண்டுவந்து இந்த மாளிகையில் இறக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மாமாவிடம் விடைபெற்றேன். “உன் பாட்டியும் அந்த மாதிரிதாம்மா, சாவியைத் தேடுறப்ப அப்படியே அசையாம நின்னுடுவா” என்றார். அவருடைய அம்மா அல்லவா. பாத் ஸ்டேஷனில் ரயில் ஏறி லண்டன் வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள், லண்டன், மெய்டன்ஹெட்

காலையில் வாட்டர்லூ பக்கம் ஓல்ட் விக் அரங்கம். 1963இல் இருந்து நேஷனல் தியேட்டர் இங்கேதான் இருந்தது, தலைவர் லாரன்ஸ் ஒலிவியர். பள்ளியில் திரையில் பார்த்த அதே ஒலிவியர், இப்போது சம்பளம் கொடுப்பவர். 1967இல் ‘தி டான்ஸ் ஆஃப் டெத்’ நாடகம் ஓடும்போது ஒலிவியர் நோய்வாய்ப்பட, அவருக்குப் பதிலாக மேடை ஏறியவர் ஹாப்கின்ஸ். எலியைக் கவ்விய பூனை மாதிரி அந்த வேஷத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்ற பொருளில் ஒலிவியரே பின்னால் எழுதினார். பொறாமைப்படாமல் அதை எழுதியதுதான் அவர் பெருமை.

அங்கிருந்து வைட்சாப்பல். ஸ்டேஷனுக்கு எதிரே பழைய ராயல் லண்டன் மருத்துவமனைக் கட்டடம், இப்போது நகர மன்றம். உடல் முழுக்க உருக்குலைந்த ஜோசஃப் மெரிக் 1890இல் இறக்கும்வரை வாழ்ந்த இடம், அவரைக் கண்டெடுத்த மருத்துவர் டிரீவ்ஸாக ஹாப்கின்ஸ் நடித்தது ‘தி எலிஃபண்ட் மேன்’, 1980. மெரிக்கை முதன்முதலாகப் பார்க்கும் காட்சியில் கேமரா அவர் முகத்தை நோக்கி மெல்ல நகரும். முகத்தில் ஒரு சதையும் அசையாது. கண்ணில் தேங்கி, தேங்கி, ஒரு சொட்டு மட்டும் இறங்கும். அந்த முகத்தை வைத்துத்தான் மெரிக் எப்படி இருப்பான் என்று நாம் தெரிந்துகொள்கிறோம்.

வைட்சாப்பலில் எலிசபெத் லைன் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நேராக மெய்டன்ஹெட். மூன்றாம் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் வெண்கலத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். நிக்கலஸ் வின்டன். 1939இல் பிராகிலிருந்து 669 குழந்தைகளை ரயில் ஏற்றி ஹிட்லரிடமிருந்து காப்பாற்றினவர்களில் முக்கியமானவர். கடைசி ரயில் செப்டம்பர் 1ஆம் தேதி கிளம்பவேண்டியது, அன்று போர் மூண்டது, ஏறக் காத்திருந்த 250 பிள்ளைகள் வரவேயில்லை. அவர் அந்த எண்ணையே வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார், காப்பாற்றியதைப் பற்றி ஐம்பது வருஷம் பெரிதாகப் பேசவில்லை. 106 வயதுவரை இந்த ஊரில் இருந்தார். 2023இல் வந்த ‘ஒன் லைஃப்’ படத்தில் முதிய வின்டன், ஹாப்கின்ஸ்.

1988 பிபிசி நிகழ்ச்சி அதில் வரும். இங்கே இவரால் உயிர் பிழைத்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்க, அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். படப்பிடிப்பில் அப்படி எழுந்தவர்களில் பலர், அந்தக் குழந்தைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஹாப்கின்ஸ் மெதுவாகத் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எண்பதைத் தாண்டிய உடம்பு, நாற்காலியைவிட்டு நகர்வதே கஷ்டம் என்பது போல ஒரு திரும்பல்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்துகொண்டேன். வேலை முடிந்து வருகிறவர்கள் இறங்கி, சிலையைப் பார்க்காமலே கடந்து போனார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று, வெண்கலப் புத்தகத்தின் பக்கங்களில் இருக்கும் குழந்தைகள் படத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா கூப்பிட்டதும் ஓடிப்போய்விட்டாள். அடுத்த லண்டன் ரயிலையும் விட்டேன், அதற்கு அடுத்ததில் ஏறினேன்.